காற்றுப் புகாத பஞ்சாமிர்தம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த சமயம். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் பனியனோடு உட்கார்ந்து, என் கணவர் ஒரு அகலப் பாத்திரத்தில் வாழைப்பழம் பிசைந்துகொண்டிருந்தார். அந்தப் பாத்திரத்தில்தான் எங்கள் பெண்ணின் கல்யாணமே இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். என் மகளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அதே கம்பெனியில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஜாதி வேறு, அவர்கள் ஜாதி வேறு. அதைப் பற்றி எனக்கும் என் கணவருக்கும் நடந்த மல்லுக்கட்டு தனிக் கதை. மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷன், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "பிள்ளை மூஞ்சியப் பாக்க முடியல. பேசிருவோம்" என்றார். அப்பாடா என்று இருந்தது. ஆனால் நாங்கள் ஒருவழியாக இறங்கி வந்து பார்த்தால், அந்தப் பக்கத்தில் பிடி கொடுக்கவில்லை.

பையனுக்கு வீடு அயனம்பாக்கம். அவனுடைய தாத்தா காலத்தில் ஏரிப் பாசன வயல்களில் கூலி வேலை பார்த்த குடும்பம். அப்பா கம்பெனி பஸ் ஓட்டி, சொந்தமாக ஒரு வீடு கட்டி, பையனைப் படிக்கவைத்துவிட்டு, சர்க்கரை வியாதி முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாதான் எல்லாம். துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். பார்வையும் அப்படித்தான், தையல் கோணலாக இருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும் பார்வை.

அந்த அம்மா பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முந்திரியும் உலர்திராட்சையும் தாராளமாகப் போட்டு, நெய் மிதக்க மிதக்கக் கேசரி கிளறியிருந்தேன். பையன் வெட்கமே இல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டது கணக்கில் வராது. அம்மா தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "வாணாம்மா, வவுறு ரொம்பி கீது" என்றார். நான் இன்னொரு முறை வற்புறுத்தினேன். தட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. கிளம்பும்போது, "யோசிச்சி சொல்றேன்" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். வாயால் மறுக்க வேண்டியதில்லை, தொடாத தட்டே சொல்லிவிடும். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து அந்தக் கேசரித் தட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் சாப்பிட்டதைவிடத் தட்டில் கோலம் போட்டதுதான் அதிகம்.

பையனிடம் கேட்டால், "அம்மா இனிப்பே சாப்பிட மாட்டாங்க. அப்பாவுக்கு நடந்ததப் பாத்துட்டு, சக்கரைன்னாலே பயம்" என்றானாம். மகள் அதை நம்பினாள். நான் நம்பவில்லை. வேண்டாம் என்பவர்களுக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். பையன் கெட்டிக்காரன், அழகாக மழுப்புகிறான் என்றுதான் நினைத்தேன்.

என் கணவர்தான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்குப் பூர்வீகம் பழனிக்குப் பக்கம். பஞ்சாமிர்தம் செய்வதில் அவர் குடும்பத்துக்கே ஒரு கர்வம் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஜுரம் என்றால்கூட மாத்திரைக்கு முன்னால் பஞ்சாமிர்தம்தான் வரும்.

"கேசரிய வேண்டாம்னு சொல்லலாம். முருகன் பிரசாதத்த யாராச்சும் வேண்டாம்னு சொல்லிற முடியுமா? நீயே சொல்லு" என்றார்.

எனக்கும் அது சரி என்று பட்டது. பிரசாதத்துக்கு யாரும் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். கையில் வாங்கியதை வாயில் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்புறம் கை நனைத்ததாகத்தானே அர்த்தம்? இது கொஞ்சம் குறுக்கு வழிதான். பெண்ணைப் பெற்றவர்களுக்கு நேர் வழி, குறுக்கு வழி எல்லாம் ஒன்றுதான்.

மலைவாழைப்பழம்தான் வேண்டும் என்று ஆவடி மார்க்கெட் முழுக்க அலைந்து, கடைசியில் சேக்காட்டில் ஒரு பழக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து வரவழைத்தார். பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது என்று வெயிலில் காயவைத்தார். பழத்தை உரித்து, கரண்டி படாமல் கையாலேயே பிசைந்தார். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், உலர்திராட்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் என்று ஒவ்வொன்றாக விழுந்தது. சம்பந்தி வீடாயிற்றே என்று வழக்கத்தில் இல்லாத முந்திரியும் பாதாமும் சீவிப் போட்டார்.

நாட்டுச் சர்க்கரை போடும் நேரம் வந்ததும் கை நின்றது. "அந்தம்மாவுக்கு சக்கரைன்னா பயம்னு பிள்ளை சொல்லுச்சுல்ல. பாதி போதும்" என்றார்.

"சர்க்கரை குறைஞ்சா கெடாம நிக்குமா?" என்று கேட்டேன்.

"காத்துப் பட்டாத்தானே கெடும்? காத்தே போகாமப் பண்ணிட்டா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஏனென்றால் ஃபேக்டரியில் அவருடைய வேலையே கசிவு பார்ப்பதுதான். எண்ணெய் கசியக் கூடாது, தண்ணீர் கசியக் கூடாது, காற்று கசியக் கூடாது. உத்தியோகம் முழுக்க இதையே பார்த்த மனுஷன் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுவாரா? எங்கள் வீட்டு ஊறுகாய் பாட்டிலை அவர் மூடினால் நான் திறக்க முடியாது. அவர் டியூட்டி முடிந்து வரும்வரை வெறும் தயிர் சாதம்தான். குவார்ட்டர்ஸில் யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான்.

அப்படிப்பட்டவர் திருகு மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்தார். ரப்பர் ஷீட்டில் அளவாக ஒரு வளையம் வெட்டி மூடிக்குள் உட்காரவைத்தார். பஞ்சாமிர்தத்தை வழிய வழிய நிரப்பி, துணியால் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினார். அதற்கு மேல் கறுப்பு டேப் வேறு சுற்றினார். தலைகீழாகக் கவிழ்த்து எனக்குக் காட்டினார். ஒரு சொட்டு வரவில்லை. அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

தனியாக எடுத்து வைத்த ஒரு கிண்ணத்தைப் பக்கத்து முருகன் கோயிலில் படைத்துவிட்டு வந்து நாங்கள் ருசி பார்த்தோம். சும்மா சொல்லக் கூடாது, தேவாமிர்தம்தான். மகள்கூட அன்று விரலை நக்கினாள்.

மறுநாளே அயனம்பாக்கம் போவதாகத்தான் திட்டம். ஆனால் அந்த அம்மாவின் கம்பெனிக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து பார்வையிட வருகிறார்களாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். சம்படம் அலமாரி மேல் ஏறியது. கத்திரி வெயில், தொட்டால் சுவரே சுட்டது. ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்றேன். "பழனி மலையில என்ன ஃப்ரிட்ஜா வச்சிருக்காங்க? கெட்டுப்போகாது, நான் மூடுனது" என்றார். ஒருமுறை திறந்தாவது பார்ப்போமே என்றேன். திறந்தால் காற்று உள்ளே போய்விடுமாம். வாரத்தின் நடுவில் ஒருநாள் சம்படத்திலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பல்லியாக இருக்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மகளை வீட்டில் விட்டுவிட்டோம். அவள் வாசலில் நின்று, "என்ன ஆனாலும் போன் பண்ணும்மா" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய காலிடுக்கில் சம்படம், என் மடியில் பூவும் பழமும் வெற்றிலை பாக்கும். பருத்திப்பட்டு ஏரிக்கரை ஓரமாகப் போகும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் சம்படம் குலுங்கியது. நடுவில் சிக்னலில் நிற்கும்போது எட்டிப் பார்த்தேன். தட்டையாக இருந்த மூடி லேசாகப் பூரி மாதிரி உப்பியிருந்தது.

"ஏங்க, மூடி உப்பியிருக்கே?"

"டைட்டா இருக்குன்னு அர்த்தம்" என்று வண்டியை நகர்த்தினார்.

அயனம்பாக்கத்தில் அவர்கள் வீடு சின்னதாக, பளிச்சென்று இருந்தது. ஹாலில் புதுத் திரைச்சீலை. கண்ணாடி வைத்த ஒரு ஷோகேஸ், அதன் மேல் மாலை போட்ட பெரிய போட்டோ. பையனின் அப்பா. அடர்த்தியான மீசை, சிரித்த முகம். போட்டோவுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையன் ஓடி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். அம்மா, "வாங்க, குந்துங்க" என்று ஃபேனைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒரு சொம்பில் தண்ணீர் வந்தது. காபி வரவில்லை. அவர்களும் கை நனைக்கவில்லை, நம்மையும் நனைக்கவிடப் போவதில்லை என்று தோன்றிவிட்டது.

வெயிலைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினோம். கல்யாணப் பேச்சு மட்டும் வரவே இல்லை. என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முருகனுக்குப் படைச்ச பஞ்சாமிர்தம்மா. நானே கையால செஞ்சது. கொஞ்சமா வாயில போடுங்க. சர்க்கரையக்கூட உங்களுக்காகக் குறைச்சுதான் போட்ருக்கேன்" என்று டேப்பைப் பிரித்தார்.

அந்த அம்மா முகம் இறுகியது. அப்போது அது எனக்குத் தலைக்கனமாகத்தான் தெரிந்தது.

மூடி திறக்கவில்லை. இவர் திருகினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். பையன் வாங்கித் திருகினான். அசையவில்லை. "குடு இங்க" என்று அம்மாவும் முந்தானையைச் சுற்றி ஒரு கை பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. கடைசியில் பையன் ஹால் நடுவில் உட்கார்ந்து சம்படத்தை இரண்டு முட்டிக்கும் நடுவில் இறுக்கிக்கொள்ள, இவர் மேலே குனிந்து ஈரத் துணியால் மூடியைப் பிடித்து, "ம்... விடாதீங்க தம்பி" என்று தன் பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு திருகு திருகினார்.

டமார்!

தெருவில் நாய் குரைத்தது. மூடி சீலிங்கில் மோதி, ஃபேனில் அடித்து, டி.வி.க்குப் பின்னால் போய் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது என் கணவரைக் காணவில்லை. அதாவது, அவர் இருந்த இடத்தில் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பஞ்சாமிர்தம் பூசிய யாரோ ஒருவர் நின்றிருந்தார். பையனின் தலையில் திராட்சை. புதுத் திரைச்சீலையில் வழிந்துகொண்டிருந்தது. ஃபேன் இறக்கையில் ஒரு பேரீச்சம்பழம் ஒட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. ஹால் முழுக்கக் கள்ளுக்கடை வாசனை.

அதற்குப் பிறகுதான் அந்தப் போட்டோவைப் பார்த்தேன்.

மாலைக்கும் கண்ணாடிக்குமாக வாரி அடித்திருந்தது. அதில் ஒரு நல்ல உருண்டை, நான் கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த மீசைக்கு நேர் கீழே, வாய் மேலேயே அப்பிக்கொண்டிருந்தது. செத்துப்போன மனுஷனின் படத்தை, அதுவும் விளக்கு எரிந்துகொண்டிருந்த படத்தை இப்படி அலங்கோலம் செய்தால் எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்? இனி இந்த வாசலை மிதிக்க முடியாது, மகளிடம் எந்த முகத்தோடு சொல்வேன் என்று அந்த ஒரு நிமிஷத்துக்குள் என்னென்னவோ ஓடியது.

அந்த அம்மா எழுந்து போட்டோவுக்கு முன்னால் போய் நின்றார். துடைப்பதற்காக முந்தானையை எடுத்தார். கை பாதியிலேயே நின்றது. எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நான் பதறி எழுந்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால், அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. சத்தம் வராமல், மூச்சு முட்ட. பிறகு அதே சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அழுகையாக மாறியது. ஷோகேஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த மனுசனுக்கு இனிப்புன்னா உசுரு, அக்கா" என்றார். அதுவரை என்னை 'அம்மா' என்று தள்ளி வைத்துப் பேசியவர், முதல் முறையாக 'அக்கா' என்றார். "சக்கரை வந்தப்பால டாக்டரு ஒண்ணும் துன்னக் கூடாதுன்னுட்டாரு. நான் போலீசு மாதிரி காவலு இர்ந்தேன். தீவாளிக்கி கடலை உருண்டை புட்ச்சி பரண் மேல ஒளிச்சி வச்சேன். எப்டியோ தேடி ஒண்ணு எட்த்துட்டாரு. வாயாண்ட கொண்டும்போறாரு, நான் போயி கையிலேர்ந்து புடுங்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு புள்ள, குடேன்னு கெஞ்சினாரு. குடுக்கல. அடுத்த வாரம் ஆளே இல்ல."

பையன் தலையில் ஒட்டிய திராட்சையோடு அப்படியே நின்றிருந்தான். அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"அன்னிலேர்ந்து என் வாயில ஒரு இனிப்பு வச்சதில்ல. அவருக்குக் குடுக்காதத நான் இன்னாத்துக்குத் துன்னணும்? உங்க ஊட்ல அந்தக் கேசரிய பாத்ததும் எனக்குத் தொண்ட அடச்சிக்கிச்சி. எப்டி சொல்றது?" என்றவர் போட்டோவை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப பாரு. நான் குடுக்கலன்னா இன்னா, தானா பறந்து வந்து வாயில ஒட்டிக்கிச்சி. எப்டி சிரிக்கிறாரு பாரேன்."

இத்தனை நாளாக அந்தத் தட்டை வைத்து நான் மனதுக்குள் கட்டியிருந்த கோபமெல்லாம் என் முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. திமிர் என்று நினைத்தேனே, மழுப்பல் என்று நினைத்தேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த அம்மா எழுந்து, போட்டோவின் வாயில் இருந்ததை ஆள்காட்டி விரலால் மெதுவாக வழித்தார். ஒரு நொடி விரலையே பார்த்தார். பிறகு தன் வாயில் வைத்துக்கொண்டார்.

"புளிச்சிப் போயி கீது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கணவர் பக்கம் திரும்பி, "இன்னா அண்ணாத்தே, பஞ்சாமிர்தம்னு சொல்லிட்டு கள்ளு கொண்டாந்துக்கீறீங்க?" என்றார்.

அவ்வளவுதான். பையன்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். அப்புறம் நான். என் கணவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் நல்லாத்தான்மா சீல் பண்ணேன்" என்று குழந்தை மாதிரி முனகினார். பையன் அவர் சட்டையைத் துடைத்துவிட்டபடியே, "அதான் மாமா பிரச்சினை. சக்கரை கம்மியானதால உள்ளயே புளிச்சி காஸ் வந்துகீது. காத்து உள்ள போகாத மாதிரி பண்ணீங்க, உள்ள இருக்கற காத்து வெளிய வர்றதுக்கு வழியே வெக்கல" என்றான். என் கணவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆமால்ல?" என்றார். எனக்குத் தெரிந்து, மாப்பிள்ளையை அவருக்கு முழுசாகப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான். ஜாதி, ஊர் எல்லாம் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு பேரும் எந்த இடத்தில் ஓட்டை போட்டிருக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நாங்கள் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னோம். அந்த அம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டார். "எங்க போறீங்க? அரிசி போடறேன். துன்னுட்டுத்தான் போவணும்" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சம்மதம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

சமையலறையில் நான் சின்ன வெங்காயம் உரித்தேன், அந்த அம்மா மாங்காய் போட்டு சாம்பார் கூட்டினார். ஜன்னல் வழியாக ஹால் தெரிந்தது. என் கணவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஈரத் துணியால் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே பையன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தான். துடைக்கிற வேலையிலும் அவருக்கு அதே நேர்த்திதான். ஒவ்வொரு இறக்கையையும் மேலும் கீழுமாகத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

அந்த அம்மா கரண்டியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஒரு பயம் இர்ந்துச்சி அக்கா. மறைக்கல. குவார்ட்டர்ஸ்காரங்க, பெரிய எடம், நாளைக்கு எம் மவன எளக்காரமா பாப்பாங்களோன்னு ராவெல்லாம் தூக்கம் இல்ல. இவரு இன்னான்னா எங்க ஊட்டு ஃபேன தொடச்சிக்கினு கீறாரு" என்றார். பெரிய இடமாம்! சொட்டுகிற குழாய்க்கு நடுவில் நாங்கள் குடியிருக்கும் இடத்தை இவர் வந்து பார்த்துவிட்டுத்தானே போனார் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. நாங்கள் அவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அவர் எங்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

சாப்பாடு பரிமாறும்போது என் போன் அடித்தது. மகள். நான் போன் செய்ய மறந்தே போயிருந்தேன். "என்னம்மா ஆச்சு?" என்றாள். குரல் கம்மியிருந்தது. நடந்ததைச் சொல்ல எங்கே ஆரம்பிப்பது? வெடித்ததையா, படத்தையா, கடலை உருண்டையையா? தட்டில் சாம்பார் சோற்றைப் பிசைந்தபடி, "சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்டி" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அவளும் எங்கள் வீட்டுப் பெண்தானே, அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு கடலை உருண்டையும் இருந்தது. சம்பந்தியம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வேர்க்கடலையை வறுத்துத் தோல் புடைத்து, வெல்லப் பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையில் மாவு தொட்டுக்கொண்டு அவரே உருட்டியது. நானும் கூட உட்கார்ந்து உருட்டினேன். உள்ளங்கை சிவந்து எரிந்தது. முதலில் பிடித்த உருண்டையைக் கொண்டுபோய்ப் போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டு, "இந்தா, யாரும் புடுங்க மாட்டாங்க" என்றார். இரண்டாவதை என் வாயில் திணித்தார். மூன்றாவதைத் தானே கடித்துக்கொண்டு அடுத்த பாகைக் கிளறப் போனார்.

என் கணவர் இப்போதும் வருஷம் தவறாமல் பஞ்சாமிர்தம் செய்கிறார். நாட்டுச் சர்க்கரையைக் குறைப்பதில்லை, வேண்டியவர்கள் அளவாகச் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்கிறார். மூடியைச் சும்மா மேலே வைப்பதோடு சரி. அப்படி வைத்துவிட்டு, இறுக்க முடியாத கஷ்டத்தில் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். பாவமாக இருக்கும். அந்த ரப்பர் வளையம் மட்டும் இன்னும் சம்பந்தி வீட்டு ஷோகேஸில் இருக்கிறது, தூக்கிப் போட அந்த அம்மா விடுவதில்லை.

நானும் முன்போல் இல்லை. யாராவது நான் நீட்டிய தட்டைத் தொடாமல் தள்ளி வைத்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. இவர்கள் யாரை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தட்டை மூடி அவர்கள் பக்கத்திலேயே வைத்துவிட்டு வருகிறேன்.